கதிரறுக்கும் வண்டியில பெல்ட் கைடு ஒரே அறுப்புல தேஞ்சிட்டு – எங்க பாக்கணும்?

நாஞ்சில்_அறுப்பு:

செகண்ட் ஹேண்டில் எடுத்த பெல்ட் டைப் (சக்கரத்துக்குப் பதிலா ரப்பர் பெல்ட்டுல ஓடுற) கதிரறுக்கும் வண்டி. பெல்ட் அளவு 450 × 90 × 51. கும்பப்பூ (ரெண்டாம் போகம்) அறுப்புக்கு முன்னால ரெண்டு பக்கமும் கைடு பட்டை, அதாவது பெல்ட் விலகாம பிடிக்கிற இரும்புப் பட்டை, புதுசா மாத்தினது. அறுப்பு முடியுறதுக்குள்ள வலது கைடு பாதிக்கு மேல தேஞ்சு, முன் முனை கூராயிட்டு. இடது பக்கம் அவ்வளவு மோசமில்ல. பெல்ட்டுக்குள்ள இருக்கிற இரும்புக் கட்டையோட கொம்புல (உள்பக்கம் நீட்டி நிக்கிற பல்) ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு கிடக்கு, மறுபக்கம் துரு அப்படியே நிக்கு. தார் ரோட்டுல ஏறினா கிரீச்சுன்னு சத்தம். தொளிக்குள்ள (சேத்து வயல்) இறங்கினா சத்தம் இல்ல.

கேட்ட இடத்துல எல்லாம் ஒவ்வொரு யோசனை. கைடு மேல ஹார்டு ராடு (கெட்டியான உலோகம் படியுற வெல்டிங் கம்பி) வச்சு வெல்டிங் போடச் சொல்லுதாங்க. தினமும் கிரீஸ் தடவினா போதும்னு ஒருத்தர். இரும்பை எடுத்துட்டு நைலான் பட்டை போடுங்கன்னு இன்னொருத்தர். கன்னிப்பூ (முதல் போகம்) அறுப்புக்கு முன்னால சரி பண்ணணும். இதுல எது சரி? கைடு தேயாம இருக்க என்ன வழி?


பூதப்பாண்டி_பட்டறை:

தம்பி, மூணையும் ஓரமா வைங்க. கைடு தேயுறது நோய் இல்ல, அறிகுறி. வண்டியோட பாரத்தைச் சுமக்க வேண்டியது அடி ரோலர். பெல்ட் பக்கவாட்டுல விலகிப் போகாம தடுக்கத்தான் கைடு, எப்பவாவது உரசினாப் போதும். ஒரே அறுப்புல பாதி தேஞ்சிருக்குன்னா ரோலர் செய்ய வேண்டிய வேலையை கைடு செய்யுதுன்னு அர்த்தம். புதுசு போட்டாலும் அடுத்த அறுப்புல இதே கதைதான்.

முதல்ல வண்டியைச் சமமான கெட்டித் தரையில நிறுத்தி, நெல் தொட்டியைக் காலி பண்ணி, கட்டிங் பிளேடு பகுதியைத் தரையில இறக்கி, இன்ஜினை அணைச்சு சாவியை எடுத்துருங்க. சேஸ் ஃபிரேமுக்கு அடியில ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கெட்டியான மரக்கட்டை அடுக்கி, வண்டி கட்டை மேல உக்காந்த பிறகுதான் கையை உள்ள விடணும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே கூடாது.

பெல்ட் தரையை விட்டுத் தூக்கினதும் ஒவ்வொரு அடி ரோலரையும் கையால சுத்திப் பாருங்க. சுத்தாம நிக்குதா, கரகரன்னு சுத்துதா, மேல கீழ ஆடுதா? நின்னு போன ரோலர்ல பெல்ட் உரசி உரசி ஒரு பக்கம் தட்டையா ஆகியிருக்கும், பாத்த உடனே தெரியும். அதுக்குப் பிறகு ஸ்கேல் வச்சு, ரோலரோட அடிமட்டத்துக்கும் கைடோட அடிமட்டத்துக்கும் எத்தனை மி.மீ. வித்தியாசம்னு ஒவ்வொரு ரோலர் பக்கத்துலயும் அளந்து எழுதுங்க. கைடு தேயாம நிக்கிற இடத்துல ஸ்கேலை வைக்கணும், தேஞ்ச இடத்துல வச்சா கணக்கு தப்பாகும். ரோலர் ஆரத்துல 5 மி.மீ. தேஞ்சா கைடு அந்த 5 மி.மீ. கீழ இறங்கி, கொம்புகளுக்கு நடுவுல இரும்புக் கட்டை மேலயே போய் உக்காந்துரும். உங்க கிரீச் சத்தம் அதுதான். தொளியில தண்ணி நடுவுல நிக்கிறதால கேக்காது, ஆனா தேய்மானம் அங்கயும் நடக்கும்.

கொம்புல ஒரு பக்கம் மட்டும் பளபளப்புன்னா அது வேற விஷயம். ஸ்பிராக்கெட் (பெல்ட்டை இழுக்கிற பல் சக்கரம்), ரோலர், பின்னால இருக்கிற ஐட்லர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சக்கரம்) மூணும் ஒரே நேர்கோட்டுல இல்ல. ஸ்பிராக்கெட் பல்லோட நடுவுல இருந்து ஐட்லர் நடு வரைக்கும் நூல் கட்டிப் பாருங்க. பெரும்பாலும் ஐட்லர் ஃபோர்க் வளைஞ்சிருக்கும், இல்ல டென்ஷன் குழாய்க்குள்ள தேஞ்சு ஆடும். வரப்புல சரிஞ்சு ஏறி இறங்கின வண்டிகள்ல டிராக் ஃபிரேமே வளைஞ்சு கிடக்கிறதும் உண்டு.

அளந்துட்டு இங்க போடுங்க, மிச்சத்தைப் பேசலாம்.


தேரூர்_ஓட்டுநர்:

பட்டறை அண்ணாச்சி சொன்னதோட டென்ஷனையும் சேத்துப் பாக்கணும். பாதி வண்டியில கோளாறு அங்கதான் ஆரம்பிக்குது.

பெல்ட் தரையை விட்டுத் தூக்கின நிலையில, கீழ்ப்பக்கம் நடு ரோலருக்கும் இரும்புக் கட்டைக்கும் நடுவுல உள்ள தொங்கலை அளக்கணும். சின்ன ரப்பர் டிராக் வண்டிகளுக்குப் பொதுவா 10 முதல் 15 மி.மீ. சொல்லுவாங்க, உங்க வண்டி மேனுவல்ல வேற அளவு இருந்தா அதுதான் கணக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வுமா இருந்தா வண்டி நேரா போகாம இழுக்கும், டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரி பண்ணுவார், ஒவ்வொரு திருப்பலுக்கும் கொம்பு கைடுல இடிக்கும்.

அளக்கிறதுக்கு முன்னால மண்ணைச் சுத்தமா கழுவணும். ஐட்லர் பக்கமும் ஸ்பிராக்கெட் பக்கமும் களிமண் அப்பியிருந்தா பெல்ட் இறுக்கமா இருக்கிற மாதிரியே காட்டும். மண் உதிர்ந்ததும் தொங்கிரும். லாக் நட்டைத் தளர்த்தி, டென்ஷன் போல்ட்டை முடுக்கி, பெல்ட்டை ரெண்டு மூணு சுத்து ஓட்டி நிறுத்தி, திரும்ப அளந்து, அதுக்கப்புறம்தான் லாக் நட்டைப் பூட்டணும். ஓட்டிப் பாக்கும்போது பக்கத்துல ஆள் நிக்கக் கூடாது.

ரொம்ப இறுக்கினா நல்லதுன்னு நினைக்கிறவங்க நம்ம பக்கம் நிறைய. நாஞ்சில் நாட்டுக் களிமண்ணுல இறுக்கி ஓட்டினா, ஸ்பிராக்கெட் பல்லுக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல மண் அமுங்கி இன்னும் இறுகும். ஐட்லர் பேரிங் போகும், ரோலர் சீல் போகும், பெல்ட்டுக்குள்ள ஓடுற எஃகுக் கம்பியும் அறும். தளர்வா விட்டா வளைவுல பெல்ட் கைடு மேல ஏறிக் கழண்டுரும். தொளி வயலுக்கு உள்ளதுல தளர்வான அளவு, அதாவது 15 பக்கமா வச்சுக்கிடுங்க.

ஓட்டுற முறையும் இருக்கு. வயலை ஒரே பக்கமா சுத்திச் சுத்தி அறுக்கும்போது வளையுற பக்கத்து பெல்ட் நின்ன இடத்துலயே பக்கவாட்டுல அரைபடும், வெளிப்பக்கத்து பெல்ட் கூடுதல் தூரம் ஓடும். ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி தேயும், அது தவிர்க்க முடியாது. ஆனா மூலையில ஒரு பெல்ட்டைப் பூட்டி நிறுத்தி வண்டியைச் சுழட்டுறதைத் தவிர்க்கலாம். கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்னன்னு மூணு அசைவுல திருப்புங்க. வரப்பை நேர் குறுக்கா, மெதுவா, ரெண்டு பெல்ட்டும் ஒரே நேரத்துல ஏறுற மாதிரி தாண்டுங்க. சரிவா ஏறினா முழு பாரமும் ஒரு பக்கத்துக் கொம்புலதான். தொட்டி நிறைய நெல்லோட வரப்பு ஏறவே வேண்டாம், நெல்லைத் தட்டிட்டு ஏறுங்க.


நாஞ்சில்_அறுப்பு:

அளந்து பாத்தாச்சு. வலது பக்கம் மூணாவது, நாலாவது ரோலர் சுத்தவே இல்ல, அடிப்பக்கம் தட்டையா இருக்கு. அந்த இடத்துல கைடுக்கும் ரோலருக்கும் வித்தியாசம் 3 மி.மீ. இடது பக்கம் 9. நூல் கட்டினதுல வலது ஐட்லர் உள்பக்கமா சரிஞ்சு நிக்கு. தொங்கல் இடது 14, வலது 28. ஸ்பிராக்கெட் பல் ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. ரோலர் ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா? கிரீஸ், வெல்டிங் பத்தியும் யாராவது சொல்லுங்க.


பூதப்பாண்டி_பட்டறை:

ரெண்டு மட்டும் மாத்தாதீங்க. ஒரே பக்கத்துல புது ரோலரும் பழைய ரோலரும் கலந்து போட்டா விட்டம் வித்தியாசப்படும், புதுசு ரெண்டுமே பாரம் முழுசையும் சுமந்து சீக்கிரம் போயிரும். வலது பக்கம் அடி ரோலர் முழுசையும் மாத்துங்க. அதுல கழட்டினதுல நல்லா சுத்துறதை, விட்டம் ஒத்துப் போனா, இடது பக்கத்துக்கு ஸ்பேரா வச்சுக்கிடலாம்.

ரோலர் ஏன் நின்னுச்சுன்னு கழட்டும்போது பாருங்க. முக்கால்வாசி இடத்துல வைக்கோல், நைலான் கயிறு, வாழை நார் இதெல்லாம் ஷாஃப்டுல சுத்தி இறுகி ஆயில் சீலை அறுத்திருக்கும். சீல் போனா உள்ள இருக்கிற எண்ணெய் வெளிய, சேத்துத் தண்ணி உள்ள. பேரிங் துருப்பிடிச்சு நின்னுரும். சீல் உக்காருற ஷாஃப்டு இடத்துல விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுற அளவு பள்ளம் இருந்தா புது சீல் போட்டும் பிரயோஜனமில்ல, ஷாஃப்டையே மாத்தணும். அறுப்பு நாள்ல சாயங்காலம் ரோலர் பக்கத்துல எண்ணெய்க் கசிவு, ஈர மண் ஒட்டுன தடம் தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாத்தாலே சீல் போனதை அன்னைக்கே பிடிச்சிரலாம். சுத்தின நாரை வளைஞ்ச அரிவாளால அறுத்து எடுங்க, ஸ்க்ரூடிரைவரால குத்தினா சீல் கிழியும்.

ஸ்பிராக்கெட் பல் வளைஞ்சிருக்கிறது முன்னால போகும்போது இழுக்கிற பக்கம். நிறைய வண்டியில இடது வலது ஸ்பிராக்கெட்டை மாத்திப் போட்டா தேயாத பக்கம் இழுவைக்கு வரும். பல் நுனி மெலிஞ்சு போயிருந்தா மாத்திப் போட்டும் லாபமில்ல, புதுசுதான். தேஞ்ச ஸ்பிராக்கெட்டோட புது பெல்ட் மட்டும் போடுறது வீண் செலவு. பல் இடைவெளி பெல்ட்டோட 90 மி.மீ. இடைவெளிக்கு ஒத்து வராம இரும்புக் கட்டையைத் தின்னுரும். உங்க 450 × 90 × 51-க்கு அர்த்தம் அகலம் 450, கட்டைக்குக் கட்டை 90 மி.மீ., மொத்தம் 51 கட்டை. சுத்தளவு 4590 மி.மீ. எஃகுக் கம்பி அவ்வளவு சுலபத்துல நீளாது. தொங்கல் அடிக்கடி கூடுதுன்னா தேய்மானம் ஸ்பிராக்கெட்லயும் கட்டையிலயும்தான்.

ஐட்லர் நேராக்கின பிறகு பெல்ட்டையும் இடம் மாத்துங்க. வலது பெல்ட்டைத் திருப்பாம அப்படியே இடதுக்கும், இடதை வலதுக்கும் கொண்டு போனா பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டி) திசை மாறாது, ஆனா இதுவரைக்கும் உள்பக்கம் இருந்த ஓரம் வெளிப்பக்கம் வந்துரும். தேயாத கொம்புப் பக்கம் வேலைக்கு வரும்.


இரணியல்_வெல்டிங்:

கிரீஸ் தடவச் சொன்னவர் யாரோ, நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார். ஆனா திறந்து கிடக்கிற இடத்துல கிரீஸ் தடவினா மணல் எல்லாம் அதுல ஒட்டி, வால்வு அரைக்கப் போடுற பேஸ்ட்டா மாறிரும். கடற்கரைப் பக்கத்து வயல்னா இன்னும் மோசம். மணவாளக்குறிச்சி பக்கத்து மணல்ல இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கு. கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துவாங்க. அதோட கிரீஸ், டீசல், கழிவு ஆயில் எல்லாம் ரப்பரை ஊத வைக்கும். பெல்ட்டை டீசல் போட்டுக் கழுவுற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. தண்ணி போதும்.

ஹார்டு ராடு விஷயம். கைடு ஒரு சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) பட்டை, விலை கொஞ்சம்தான். பெல்ட் ஜோடி விலை உங்களுக்கே தெரியும். ரெண்டு இரும்பு உரசும்போது எது கெட்டியோ அது நிக்கும், மத்தது தேயும். கைடைக் கெட்டியாக்கினா தேயப் போறது பெல்ட்டுக்குள்ள இருக்கிற கொம்பு, அதை மாத்த முடியாது. அதனால சாதா எம்.எஸ். பட்டையே போடுங்க, போல்ட்டுல கழட்டி மாத்துற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது. போல்ட் தலை குழிக்குள்ள முழுசா அமுங்கி இருக்கணும், வெளிய நீட்டக் கூடாது.

பட்டையோட முன் முனை, பின் முனை ரெண்டையும் ஒரு 40, 50 மி.மீ. நீளத்துக்கு மேல் நோக்கியும் பக்கவாட்டுலயும் சரிவா கிரைண்டர் பிடிச்சு விடுங்க. இதை நிறைய பேர் விட்டுருவாங்க. சதுர முனையா விட்டா கொம்பு ஒவ்வொண்ணும் வந்து இடிச்சுட்டுத்தான் உள்ள நுழையும். முன் முனை கூராப் போனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

வண்டியிலயே வெல்டிங் போடுறதா இருந்தா பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) உள்ள வண்டின்னா அதோட கனெக்டரையும். எர்த் கிளாம்பை வெல்டிங் போடுற இடத்துக்கு ஒட்டியே மாட்டணும். தூரத்துல மாட்டினா கரண்ட் ரோலர் பேரிங் வழியா பாஞ்சு உருண்டையில பொத்தல் விழும். பெல்ட் மேல நனைஞ்ச சாக்கு போடுங்க, தீப்பொறி விழுந்தா ரப்பர் உருகிக் குழி விழும். வைக்கோல் தூசி அடைஞ்சிருக்கிற இடத்தை முதல்ல ஊதித் தள்ளிட்டு, ஒரு வாளி தண்ணி பக்கத்துல வச்சுக்கிடுங்க.


மார்த்தாண்டம்_டூ_கனடா:

நைலான் யோசனைக்கு மட்டும் பதில். இங்க பனியில ஓட்டுற ஸ்னோமொபைல் முழுக்க பிளாஸ்டிக் பட்டை மேலதான் ஓடுது. அலுமினியத் தண்டவாளம் ரெண்டு, அதுக்கு அடியில நீளமா யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீன் பட்டை செருகியிருப்பாங்க. டிராக்ல இருக்கிற எஃகு கிளிப் அது மேல வழுக்கிட்டுப் போகும். அந்தப் பட்டை நிக்கிறதுக்குக் காரணம் பிளாஸ்டிக் மட்டுமில்ல, பனி. டிராக் கிளறி விடுற பனிதான் அதுக்கு எண்ணெயும், சூட்டைத் தணிக்கிற தண்ணியும். பனி வாரின ரோட்டுலயோ வெறும் ஐஸ் மேலயோ வேகமா போனா கொஞ்ச தூரத்துலயே பட்டை இளகி கிளிப்புல அப்பிரும். இந்தப் பிளாஸ்டிக் உருகுறது சுமார் 130 டிகிரி செல்சியஸ், பாரம் இருந்தா அதுக்கு வெகு முன்னாலயே இளகும். அதனால ஐஸைக் கீறிப் பனித்தூளைக் கிளப்புற கம்பி மாட்டுவாங்க, பட்டை மேல பாரம் குறைய கூடுதல் சக்கரம் போடுவாங்க, டிராக்கை அளவுக்கு மேல இறுக்க மாட்டாங்க. பட்டையில முதல்ல தேயுறது தண்டவாளம் வளையுற முன்பகுதி. பக்கவாட்டுல தேய்மானக் கோடு இருக்கும், அதைத் தொட்டா மாத்திரணும். விட்டா கிளிப் அலுமினியத்தை அறுக்க ஆரம்பிச்சிரும்.

உங்க வண்டிக்கு வாங்க. ரோலர் சரியா இருந்து, கைடு சும்மா எப்பவாவது உரசுற நிலைன்னா ஈர வயலுக்குப் பிளாஸ்டிக் தாங்கும். ரோலர் நின்னு போய் பாரம் கைடுல இறங்குற வண்டியில, தார் ரோட்டு வெயில்ல அது நிக்காது. போட்டே ஆகணும்னா நைலான் வேண்டாம், தண்ணியை உறிஞ்சி ஊதும். யு.எச்.எம்.டபிள்யூ. பட்டை வாங்குங்க. சூட்டுல அது இரும்பை விடப் பத்து மடங்குக்கு மேல நீளும். 1 மீட்டர் பட்டை 40 டிகிரி சூடேறினா 6, 8 மி.மீ. வரை வளரும். ரெண்டு முனையிலயும் இறுக்கிப் பூட்டினா நடுவுல வளைஞ்சு கொம்புல மாட்டி பிய்ஞ்சிரும். ஸ்னோமொபைல்ல முன் முனையில ஒரே ஒரு ஸ்க்ரூதான், பின் முனை சும்மா விட்டிருக்கும். நீங்களும் ஒரு முனையில வட்டத் துளை, மத்ததெல்லாம் நீள்துளைன்னு போடுங்க.


தேரூர்_ஓட்டுநர்:

கனடா அண்ணன் சொன்னது ரோட்டு ஓட்டத்துக்கு அப்படியே பொருந்தும். தார் ரோட்டுல பெல்ட் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போறதைக் குறைங்க. ஒரு ஏலாவுல (வயல் பரப்பு) இருந்து இன்னொரு ஏலாவுக்கு லாரியில ஏத்திட்டுப் போற வாடகையை, கைடு, ரோலர், பெல்ட் பட்டன் எல்லாத்தோட தேய்மானத்தோட சேத்துக் கணக்குப் பாத்தா லாரிதான் லாபம். ஓட்டியே ஆகணும்னா கொம்பு மேல ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு, தொட்டி காலியா, மெதுவா போங்க. ரோட்டுல சுழட்டித் திருப்பாதீங்க. கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்பாறாங்கல் சல்லி போட்ட வழிகள்ல கல் பெல்ட்டுக்குள்ள ஏறி ஐட்லருக்கும் கட்டைக்கும் நடுவுல மாட்டும். டக்குன்னு சத்தம் வந்தா உடனே நிறுத்திப் பாக்கணும். அப்படியே ஓட்டினா எஃகுக் கம்பி அறுந்துரும், பிறகு அந்த பெல்ட்டுக்கு வைத்தியமில்ல.

வயல்காரங்க கிட்டயும் சொல்லி வைங்க: அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால மடையை அடைச்சுத் தண்ணியை வடிய விடணும். கன்னிப்பூ அறுப்புல மழை குறுக்க வந்தா அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. வேலை முடிஞ்சதும் மண் ஈரமா இருக்கும்போதே கழுவுங்க, காய்ஞ்சா சுத்தியலால தட்டித்தான் எடுக்கணும். பிரஷர் வாட்டரை ரோலர் சீல் மேல நேரா அடிக்காதீங்க. மணக்குடி, புத்தளம் பக்கம் உப்புத் தண்ணி ஏறுற வயல்ல அறுத்தா அன்னைக்கே நல்ல தண்ணியில அலசணும். பெல்ட்டுல வெட்டு விழுந்து கம்பி வெளிய தெரிஞ்சா கழுவி, காய வச்சு, ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டு போடுங்க. உப்பு உள்ள போச்சுன்னா கம்பி உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு ஒரு நாள் பட்டுன்னு போகும்.


பூதப்பாண்டி_பட்டறை:

ஒண்ணு விட்டுப் போச்சு. எல்லாம் மாத்தி ஓட்ட ஆரம்பிச்ச பிறகு முதல் நாள் வேலை முடிஞ்சதும் தொங்கலைத் திரும்ப அளங்க, ஸ்பிராக்கெட் போல்ட்டும் ரோலர் போல்ட்டும் திரும்ப டைட் பண்ணுங்க, புதுசுல கண்டிப்பா கொஞ்சம் தளரும். கைடுக்கும் ரோலருக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா வந்திருக்கணும். அந்த அளவை பெயின்ட்டால ஃபிரேம்லயே எழுதி வைங்க. கன்னிப்பூ முடிஞ்சு கும்பப்பூ வரைக்கும் வண்டி நிக்கும்போது டென்ஷனைத் தளர்த்தி, பலகை மேல ஏத்தி, நிழல்ல விடுங்க. மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி நாலு அடி முன்ன பின்ன நகத்துங்க, ரோலர் ஒரே இடத்துல துருப்பிடிச்சு ஒட்டாம இருக்கும். அப்படியே வயரிங்கை எலி கடிச்சிருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்கிடுங்க.